அப்பாவின் லாரியில் ஒரு மாதம்

லாரி கேபினின் நடுவில் இன்ஜினை மூடியிருக்கும் "பானெட்" மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தாலும், ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் அந்தச் சூடு தொடைக்கு ஏறிவிடும். அப்போது எனக்கு எட்டு வயது, தங்கை செல்விக்கு நான்கு. ஆம்பூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்; பார்த்து வைத்திருந்த வீடு கிடைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்பா ஒரு தோல் கம்பெனிக்கு லாரி ஓட்டினார். பதப்படுத்திய தோலைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, உப்புப் போட்ட பச்சைத்தோலை ஏற்றிக்கொண்டு திரும்புவது வேலை. "ஸ்கூல் லீவுதானே, வண்டியிலயே இருந்துடலாம்" என்றார்.

"கொயந்தைங்கள வெச்சிகினு வண்டியில இன்னா பண்றது?" என்று கேட்ட அம்மாதான், மறுநாள் காலையில் ஸ்டவ்வையும் இரண்டு பாத்திரங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு முதலில் ஏறினாள்.

சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகைப் படுக்கைதான் வீடு. பெட்ரோல் பங்க் குழாயடியில் குளித்து, புளியமர நிழலில் சாப்பிட்டு, ஜன்னல் கம்பியில் பாவாடையைக் காயப்போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போனோம். பச்சைத்தோல் வீச்சம் முதல் வாரம் குமட்டியது. பிறகு எங்கள் தலைமுடியிலேயே அது குடியேறிவிட்டதால் தெரியவில்லை. வண்டியை நகர்த்தும் முன் ஒவ்வொரு முறையும் அப்பா, "ரெண்டு பேரும் ஏறியாச்சா?" என்பார். செல்வியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஏறியாச்சு" என்று சொல்வது என் பொறுப்பு.

வாலாஜாபேட்டை அருகே டீக்கடை ஒன்றில் நிறுத்திய நாளில், ஜன்னலோர இடத்துக்காக எனக்கும் அவளுக்கும் சண்டை. அம்மா தலைவலியோடு பின்னால் படுத்திருந்தாள். அப்பா கேட்டபோது, வெளியே பார்த்தபடியே "ஏறியாச்சு" என்றேன். வெகுதூரம் போன பிறகு அம்மா எழுந்து, "பாப்பா எங்க?" என்றாள்.

அப்பா ஓரங்கட்டி நிறுத்தினார். சாலை நடுத் தடுப்பைத் தாண்டி, எதிர்ப்புறம் வந்த பைக்கை மறித்து ஏறிப் போனார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் வண்டிகள் கடக்கும்போதெல்லாம் எங்கள் கேபின் ஆடியது.

அந்த பைக்கில் வந்தவர்தான் இருவரையும் கொண்டுவந்து விட்டார். செல்வி கையில் பாதி தின்ற பன். நாய்க்குட்டியைப் பார்க்கக் கடைக்குப் பின்னால் போயிருக்கிறாள். கடைக்கார அம்மா பன் கொடுத்து உட்கார வைத்திருந்தாராம்.

ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்பா கேட்டார்: "ஏறியாச்சுன்னு யாரு சொன்னது?"

"நான்தான். தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

என் குரல் அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இன்ஜின் சத்தத்துல யாருன்னே புரியல" என்று சொல்லி வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. எங்கள் இருவர் தலையையும் தானே தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும்.

போன மாதம் செல்வியும் நானும் காரில் சென்னைக்குப் போனோம். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம்; நின்று பார்க்கக்கூட வழியில்லை. அப்பா போய் மூன்று வருடமாகிறது. நடந்ததை அவளிடம் அன்றுதான் சொன்னேன். நாய்க்குட்டி, பன், சண்டை எதுவும் அவளுக்கு நினைவில்லை.

"அப்பா என்னத் தூக்கிகினு ரோட்டோரமா நின்னு அழுதாரு. அது மட்டும் ஞாபகம் இருக்குக்கா" என்றாள்.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பாப்பா கவுனு தோள்கிட்ட ஈரமா இருந்துது."