பூமுடியோடு முடிந்திருக்க வேண்டிய பயணம்: வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை

உலகத்தைக் கப்பலில் சுற்றிவந்த மாவீரர்கள் ஒருவரும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனதில்லை. போயிருந்தால் பம்பலப்பிட்டியிலேயே இறங்கிக் கப்பலுக்குத் திரும்பி ஓடியிருப்பார்கள். தூரம் வெறும் பதினொரு கிலோமீற்றர். நல்ல காலத்தில் முக்கால் மணித்தியாலம். இப்போதைய காலத்தில் எவ்வளவு என்று நான் ஏன் சொல்ல வேண்டும், கீழே படித்துவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நேர்த்தி வைக்க நினைப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்.

பயணத்துக்குக் காரணம் என் தங்கச்சி வசந்தி. நாலு வருடத்துக்கு முன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குளிர் தேசத்துக்குப் போனவள். கணவர் செல்வம் யுத்தத்தில் பாதை மூடியதால் யாழ்ப்பாணத்தில் மாட்டுப்பட்டுப் போனார். இந்தப் பயணத்துக்கு ஏழு கிழமைக்கு முன்தான் கொழும்புக்கு வந்து என் வீட்டில் நிற்கிறார். தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்தால், போவதற்கு முன்னமே செல்வம் கொட்டாஞ்சேனை அம்மனுக்கு முடி கொடுப்பார் என்று தங்கச்சி அங்கிருந்தே நேர்த்தி வைத்திருந்தாள். கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நேர்முகம். சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நாங்கள் புறப்பட்டோம்.

ஓட்டோக்காரர் யோகன், கொட்டாஞ்சேனைப் பெடியன், ஐந்நூறு ரூபா கேட்டார். அவருடைய ஓட்டோவின் முன்கண்ணாடியில் புத்தர், பிள்ளையார், மாதா மூவரும் ஒரே பசையில் ஒட்டப்பட்டு நெருக்கமாக இருந்தார்கள். உலகத்தில் எந்தச் சமாதான மாநாட்டிலும் இவ்வளவு கிட்டக் கிட்ட யாரும் இருந்ததில்லை.

"அண்ணை, உங்கட திருநீற்றை ஒருக்கா துடைச்சுவிடுங்கோ," என்றார் யோகன், பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடி தெரிந்ததும்.

செல்வம் துடைத்தார். சாவடி தாண்டியதும் சட்டைப் பையிலிருந்த திருநீற்றுச் சரையை எடுத்துப் பூசினார். கொள்ளுப்பிட்டியில் துடைத்தார். காலிமுகத்தில் பூசினார். கோட்டைக்குக் கிட்டத் துடைத்தார். பூசி, கொட்டாஞ்சேனை வாசலில் மறுபடியும் துடைத்தார். நாலு சாவடியிலும் அடையாள அட்டை, யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்ற பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். அந்தப் பயணத்தில் செல்வத்தின் நெற்றி தேய்ந்த அளவுக்கு எங்கள் ஊர் அம்மி ஒன்றும் தேய்ந்திருக்காது.

எட்டு பத்துக்குக் கோயில். பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனையில் சந்துக்கு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம் ஒரு தூதரக வரிசைதான். ஐயரின் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுகள். பெயர், நட்சத்திரம் கேட்டு முடிந்ததும் "எந்த நாடு?" என்று கேட்கிறார். எங்களுக்கு முன்னால் நின்ற சிங்கள அம்மா "இத்தாலிய, சுவாமி" என்றார். ஐயர் ஒரு கணமும் தயங்காமல் இத்தாலியைச் சமஸ்கிருதத்துக்குள் செருகி அர்ச்சனையை நடத்தி முடித்தார். இந்த அம்மனுக்கு இப்போது தெரியாத விசாப் பிரிவு இல்லை.

முடி எடுக்கும் இடத்தில் பதுளைப் பக்கத்து மனிதர் ஒருவர் கத்தியோடு இருந்தார். பூமுடி ஐம்பது ரூபா, முழு மொட்டை இருநூறு. தெரியாதவர்களுக்கு: பூமுடி என்றால் மூன்று இடத்தில் மூன்று கொத்து நறுக்குவது. நறுக்கினது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

"அத்தான், வசந்தி பூமுடி எண்டுதான் சொன்னவ," என்றார் செல்வம். "திங்கக்கிழமை இன்டர்வியூ. பூமுடி காணும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் என்ன சொன்னேன்? "செல்வம், எங்கட பரம்பரையில அம்மனுக்குக் கிள்ளிக் குடுத்த ஆள் இல்லை. குடுக்கிறதெண்டா அள்ளித்தான்." எங்கள் பரம்பரையில் முப்பது வயதுக்குமேல் அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு யாருக்கும் தலையில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"மீசையும் எடுக்கவாண்ணே?" என்று பதுளைக்காரர் கேட்டார். செல்வம் என்னைப் பார்த்தார்.

"எடும்," என்றேன்.

ஒன்பதேகாலுக்குச் சந்தனம் பூசிய ஒரு புது மனிதர் என் பக்கத்தில் ஓட்டோவில் ஏறினார். யோகன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஐசியில மீசை இருக்கே," என்றார். அதுவரைக்கும் என் மூளைக்கு அது எட்டவில்லை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. சுருட்டை முடி, அடர்ந்த மீசை. சாமி கும்பிடப் போன இடத்தில் நான் அந்த மனிதரின் முகத்தையே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஐந்து நிமிஷத்தில் சாவடி. பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார். "கொண்டே கோ?" என்றார். முடி எங்கே என்று கேட்கிறார்.

என் சிங்களம் கண்டி அரசசபையில் பேசத் தக்கது. "பாரயக், மஹத்தயா," என்றேன். நேர்த்தி. அவருக்கு விளங்கியது, கதிர்காமத்துக்குத் தானும் போன வருடம் மொட்டை போட்டதாகச் சொன்னார். அவரிடம் அன்றைக்கு யாரும் அடையாள அட்டை கேட்டிருக்க மாட்டார்கள்.

"எதற்கு நேர்த்தி?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு உண்மை எப்போதும் கொஞ்சம் சிறியதாகத் தெரியும். நாட்டின் சமாதானத்துக்காக என்றேன்.

அவருடைய முகம் மாறியது. "யாருடைய சமாதானம்?"

இதற்குச் சரியான பதில் இந்தத் தீவில் ஒருவரிடமும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் செல்வம் தகரக் கொட்டகைக்குள் ஒரு மர வாங்கில் இருந்தார். என்னை வீட்டுக்குப் போய், வீட்டுக்காரன் என்று நான் வைத்திருக்கும் பொலிஸ் பதிவின் மூலப் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மத்தியானம் வேலை மாறும் நேரத்துக்குள் வராவிட்டால் ஆளை ஸ்டேஷனுக்கு அனுப்புவோம், பிறகு திங்கட்கிழமைதான் பேசலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை. எட்டரை.

அந்தப் பதினொரு கிலோமீற்றரை நான் போனதையும் வந்ததையும் பற்றி மிகைப்படுத்த ஒன்றுமில்லை. யோகன் வீதிகளை எல்லாம் விட்டுச் சந்துகளால் ஓடினார். செல்வம் வாங்கில் இருந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கத் திரும்பி வந்தோம்.

கொட்டகைக்குள் செல்வமும் அந்தப் பொலிஸ்காரரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்துக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் இரண்டைச் சொல்லியிருக்கிறார்: ரட்ட யண்ட. வெளிநாடு போக. பொலிஸ்காரரின் தம்பியும் ஒரு வருடமாக அதற்குத்தான் அலைகிறாராம். பதிவைப் பார்த்தார், ஒப்பிட்டார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"உண்மையைச் சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பன்," என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். "நீ ஏன் நாட்டைப் பற்றிக் கதைச்சனி?"

யோகன் மொத்தமாக ஆயிரத்து எண்ணூறு வாங்கினார். கேட்டது ஆயிரத்து ஐந்நூறு, மிச்சம் நானாகக் கொடுத்தது.

பயணிகளுக்குச் சில வார்த்தை. முடி கொடுப்பதென்றால் பூமுடி கொடுங்கள். அம்மன் அளவுகோல் வைத்திருக்கவில்லை. வீட்டுக்காரரிடம் உள்ள பதிவின் மூலப் பிரதியைக் கையில் கொண்டு போங்கள். எதற்கு நேர்த்தி என்று கேட்டால் பிள்ளை, காய்ச்சல், பரீட்சை, விசா என்று சொல்லுங்கள். கோயிலுக்குள் மட்டும்தான் நாங்கள் கேட்பதைக் கேட்கலாம். வெளியே வந்தால் யார் எதற்காகக் கும்பிடுகிறான் என்பது அரசாங்கத்தின் விஷயம். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் கோட்டைப் பக்கம் நெரிசல் குறைவு.

நேர்முகத்தில் தூதரக அம்மா மொட்டையைப் பார்த்துக் காரணம் கேட்டாராம். மனைவி நேர்ந்தவ என்றாராம் செல்வம். இரண்டாவது கேள்வி வரவில்லை. ஐந்தாவது கிழமை விசாவோடு கடவுச்சீட்டு வந்தது.

நான் அன்றைக்கே டிக்கெட் போட ஓடினேன். செல்வம் வரவில்லை. முந்தின இரவு வசந்தி கோல் எடுத்தபோது மகளும் கதைத்தாளாம். அப்பாவின் படம் அவளுடைய கட்டிலுக்கு மேலே இருக்கிறது, சுருட்டை முடியும் மீசையுமாக. விமான நிலையத்தில் தான்தான் முதலில் அப்பாவைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

"பொலிசுக்குக் காட்ட உங்கட பதிவு இருந்தது அத்தான்," என்றார் செல்வம். "அவளுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

ஆகவே டிக்கெட் இன்னும் போடவில்லை. என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொரு காலையும் அரை மணித்தியாலம் ஒரு மனிதர் நின்று தன் மேலுதட்டைப் பார்க்கிறார். கதவுக்கு வெளியே நான் நடந்துகொண்டிருக்கிறேன். ஏழு மாதத்துக்கு விசா இருக்கிறது. மீசைக்கு இன்னும் இரண்டு கிழமை போதும் என்கிறார்.