குறிப்பில் ஏறாத சம்மதம்

என் அண்ணனும் அவருடைய கூட்டாளியும் கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார்கள். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் மூன்று நடுத்தீர்ப்பாளர்களிடம் போவது என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. பிறகு அருகிலுள்ள வத்தேகமவில் இரண்டாவது கடை திறந்தபோது புதிய ஒப்பந்தம் எழுதவில்லை. அந்தக் கடையை நடத்தியவர் அண்ணன். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எந்தப் பூப்போட்ட துணியைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பொங்கல் முடிந்து அவர் கடைக்குப் போனபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. கடை தனக்கு மட்டுமே சொந்தம் என்றார் கூட்டாளி.

அண்ணன் நடுத்தீர்ப்புக் கேட்டார். முதல் அமர்வு கண்டியில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நடந்தது. பத்திரிகைக்கு வழக்குச் செய்தி எழுதியவன் என்பதால், பின்வரிசைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கவனித்தேன். ஒப்பந்தம் கண்டிக் கடைக்கு எழுதப்பட்டது, வத்தேகமக் கடையையும் தாங்கள் விசாரிக்கலாமா என்று நடுத்தீர்ப்பாளர்களின் தலைவர் கேட்டார்.

“தாராளமா விசாரிங்க,” என்றார் கூட்டாளி. “அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு ஒப்பந்தமா?”

அண்ணனின் சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக்காரர். “ஓம், நல்லது. இதைக் குறிப்பில ஏத்தி ரெண்டு பேரும் கையெழுத்து வைப்பம்.”

“வேணாங்க ஐயா,” என்றார் அண்ணன். “சபையில சொல்லிட்டாரு. கையெழுத்துக் கேட்டா அவர நம்பலன்னு ஆயிரும்.”

“பூட்டை மாத்தின ஆளுக்கு இவ்வளவு மரியாதையோ?” என்று சட்டத்தரணி சிரித்தார்.

கூட்டாளியும் சிரித்தார். எங்கள் வியாபாரிகளிடம் அது வழக்கம். சபையில் ஒருவர் வாயால் சொன்னதை எழுதித் தரக் கேட்பது அவர் முகத்தில் அடிப்பது போல. அதனால் அந்தச் சம்மதம் குறிப்பில் ஏறவில்லை.

சில அமர்வுகளில் சாட்சியங்கள் அண்ணன் பக்கம் சாய்ந்தன. உடனே கூட்டாளி கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போனார். வத்தேகமக் கடையை விசாரிக்க நடுத்தீர்ப்பு மன்றுக்கு நியாயாதிக்கம், அதாவது விசாரிக்கும் அதிகாரம், இல்லை என்பது அவர் மனு. அப்படி ஒரு சம்மதம் தான் கொடுக்கவேயில்லை என்று சத்தியக்கூற்றில் சொல்லியிருந்தார். அதை நீதிமன்றத்தில் அவருடைய சட்டத்தரணி வாசிக்கும்போது கூட்டாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களிடம் எழுத்து இல்லை. மன்றுக்கு நியாயாதிக்கம் இல்லை என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அதுவரை நடந்த விசாரணை எதற்கும் உதவாமல் போயிற்று.

வெளியே வந்ததும் கூட்டாளி அருகில் வந்தார்.

“சட்டத்துல உள்ளதத்தான் கேட்டேன், அண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. வேன்ல எடம் இருக்கு, வாங்க, ஒண்ணாவே கண்டிக்குப் போறோம்.”

“அன்னைக்கு நீங்க சொன்னீங்களா, இல்லையா? கோர்ட்டுக்கு வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க,” என்றார் அண்ணன்.

கூட்டாளி தன் சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்தார். “வழக்கப் பத்திப் பேச வேணாங்கிறாரு.”

நாங்கள் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தோம். இனிக் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் முதலிலிருந்து வழக்குப் போட வேண்டும். வத்தேகமவில் அதே பூட்டுத்தான் தொங்கும். ரயில் மலையேறத் தொடங்கியபோது அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“லாயர் ஐயாகிட்ட சொல்லிவை. இந்தத் தடவ அவரு இருமினாலும் எழுதி வாங்கச் சொல்லு.”