ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

நீடாமங்கலத்தில் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் கடைக்குச் சண்டை போடத்தான் போனேன். முன்வயலை அறுத்தால்தான் என் வயலுக்குள் மெஷின் இறங்க முடியும். அதைப் பார்க்காமல் எனக்குத் தேதி கொடுத்தார்கள். வந்த மெஷின் திரும்பிப் போனது. அன்று பெய்த மழையில் என் நெல் சாய்ந்துவிட்டது.

"உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்லையா?" என்று கத்தினேன்.

அங்கே ஒரே ஆள். கலைந்த தலை, பொத்தான் அறுந்த சட்டை. கம்ப்யூட்டரில் ஓடும் பதிவுக் காலண்டரை ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் அவர்தான்.

"எல்லா வேலையும் ஒரே மாதிரி நீலப் பெட்டியா வருதுங்க. அதான் தப்பு. இருங்க."

ஏதோ தட்டினார். திரையில் என் வயலின் பெட்டி முன்வயல் பெட்டியின் பின்னால் கயிறு கட்டியதுபோல ஒட்டிக்கொண்டது.

"இனி அதை நகர்த்துனா உங்களதும் கூடவே வரும். வெயில் அடிக்குது, நாளைக்கே ரெண்டையும் அறுத்துடலாம்."

ஞாயிறுகளில் மட்டும் நிறமில்லாத பெட்டிகள், வெறும் கோடு.

"இது யாரு வயலு?"

"வயல் இல்லீங்க. என் பொண்ணு போன் பண்ற நாள். பேசுனா பச்சையாகிற மாதிரி வரைஞ்சிருக்கேன்."

மாதம் முழுக்க ஒன்றுகூடப் பச்சை இல்லை.

"நீங்க பண்ண வேண்டியதுதானே?"

"நான் பண்ணா எடுக்காதுங்க."

மறுநாள் மெஷின் வந்தது, நெல் தப்பித்தது. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. அன்று அவ்வளவு கத்திய வாய்க்கு, ஒரு பெட்டியாவது பச்சையானதா என்று கேட்க இன்னும் வரவில்லை.