படிக்கிணற்றுக்காக ஒரு விண்ணப்பம்

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில், பெண்பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிக்கு நான் ஒருத்திதான் ஆசிரியை. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பங்குனி பிறந்தால் வகுப்பில் பாதி இடம் காலியாகிவிடும். காரணம் நரம்புச்சிலந்தி. காலில் கொப்புளம் கண்டு உடைந்து, வெள்ளை நூல் போல ஒரு புழு தலைகாட்டும். அதைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் வீங்கி மாதக்கணக்கில் படுக்கைதான்.

ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வராத பிள்ளைகள் எல்லோரும் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளும் வீட்டுப் பிள்ளைகள். கயிறு விட்டுச் சேந்தும் கிணற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. புண்ணுள்ள கால் பட்ட தண்ணீரைக் குடித்தால், அதிலுள்ள சிறு பூச்சிகளால்தான் இந்த நோய் பரவுகிறது என்று சுகாதார அதிகாரி ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். ஊரில் யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும் தர்ம ஸ்தாபனம் ஒன்று சேலத்தில் இருந்தது. அந்தப் பூச்சிகளைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்பெருக்கி ஒன்றும், தண்ணீர் வடிகட்டத் துணியும் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். மருத்துவம் படிக்காதவருக்கு ஆராய்ச்சிப் பணம் தருவதில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமையே பதிவேட்டை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓட்டிய பஸ்ஸில் ஏறினேன். ராசிபுரம் தாண்டியதும் வண்டி நின்றுபோய், சேலம் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. ஸ்தாபனத்தின் காரியதரிசி என்னை உட்காரச் சொன்னார்.

"அம்மா, ஆராய்ச்சி பண்ண டாக்டர்கள் இருக்காங்க. நீங்க பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, மேஜை கேளுங்க. உடனே தர்றோம்."

"நாற்காலியில உக்காரப் பிள்ளைங்க வேணுமுங்களே" என்றேன்.

பதிவேட்டை அவர் முன் விரித்தேன். எந்தப் பிள்ளை எந்தக் கிணறு என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைசியில், "கிணத்துக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அதோட மறுபடியும் எழுதுங்க, கமிட்டியில வைக்கிறேன்" என்றார்.

கிணற்றுக்காரர் ஊரில் பெரிய பண்ணையம் பார்க்கிறவர். காகிதத்தை வாங்கவே இல்லை.

"எங்கப்பன் வெட்டுன கெணறுங்க. அதுல நோய் இருக்குதுன்னு நானே கையெழுத்துப் போடறதுங்களா?"

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். நான்காவது நாள் அவர் மனைவி உள்ளிருந்து தாங்கித் தாங்கி நடந்து வந்தார். கணுக்காலில் பழைய தழும்பு.

"ஏனுங்க, போன வருசம் நான் காலை ஊன முடியாமக் கெடந்தப்போ சோறாக்குனது யாருங்க? நீங்கதானுங்க. இந்த வருசமும் ஆக்கறீங்களா?"

அவர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டார். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

மாசியில் நுண்பெருக்கி வந்து சேர்ந்தது. துணியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பள்ளி முற்றத்தில் மேஜை போட்டு, படிக்கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டை வைத்தேன். முதலில் குனிந்தவர் கிணற்றுக்காரர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "துள்ளுதுங்க" என்றார். வந்த துணியைக் கிழித்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தேன்; அன்றிலிருந்து குடிதண்ணீரை அதில் வடிகட்டினார்கள். வைகாசியில் கொத்தனாரை அழைத்துப் படிகளை அடைத்துச் சுவர் எழுப்பி, உருளையும் கயிறும் போட்டார்.

குடித்த தண்ணீரோடு உள்ளே போன புழு வெளிவர ஒரு வருஷமாகும் என்பதால் அந்தக் கோடையில் மாற்றம் தெரியவில்லை. "டீச்சரம்மா சொன்னது பொய்" என்று சிலர் பேசினார்கள். நான் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த பங்குனியில் இரண்டு பிள்ளைகள்தான் வரவில்லை. அதில் ஒருத்திக்கு அம்மை.

அந்தப் பதிவேட்டை நகல் எடுத்து ஸ்தாபனத்துக்கு அனுப்பினேன். பாராட்டி எழுதியவர்கள், உதவி இத்துடன் முடிகிறது என்றும் எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரில் மூன்று படிக்கிணறுகள் இருந்தன. அடுத்த விண்ணப்பத்துக்குப் புதிய தாள் எடுத்து, அந்த ஊரின் பெயரை மேலே எழுதினேன்.