எதிரிக்குத் தண்ணீர் கொடுத்த ராணி

லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான துணிக்கடை அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கும் குண்டு ஃபேண்டஸி நாவலை அவரும் படித்தவர்.

இன்று மதியம் ரவிக்கைத் துணி வாங்கப் போனேன். என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"கோட்டையச் சுத்தி நின்ன எதிரிங்களுக்கே தண்ணி குடுத்தாளே அந்த ராணி, எல்லாம் பேருக்காகத்தான்லா."

எனக்குச் சுருக்கென்றது. எடுத்த துணியைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில்ல வருசா வருசம் பந்தல் போட்டு மோர் குடுக்கறீங்க. பேனர்ல உங்க கடைப் பேரு எவ்ளோ பெருசா இருக்கு! அதுவும் பேருக்காகத்தானா?"

"அது வேறலா! பேரு இருந்தா என்ன? வெயில்ல நடந்து வந்தவனுக்குத் தாகம் தீந்துச்சா இல்லையா?"

"தீந்துச்சுண்ணே. அவ குடுத்ததுலயும் தீந்துச்சு."

நான் கீழே வைத்த துணியை எடுத்து அண்ணன் அளக்க ஆரம்பித்தார்.

ராணிக்குப் பேர் வாங்கும் ஆசையே இருந்திருக்கட்டும். ஐந்தாவது தடவை படித்தாலும் நான் அவள் பக்கம்தான். அவளைக் குறை சொல்ல நினைப்பவர்கள் கமெண்டுக்குத் தாராளமாக வரலாம்.

வரும்போது உங்கள் பந்தல் பேனரையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.