கல்யாண வீட்டில் அடித்த 'டிங்'

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. ஈப்போவில் விடியலிலிருந்தே மழை. பீடோரிலிருந்து பெருமாள் அண்ணன் போன் செய்தார். வணக்கம் கிடையாது. நலம் விசாரிப்பு கிடையாது.

"தம்பி, நான் செத்தாலாச்சும் எனக்குச் சொல்லுவீங்களா லா?"

லகாட்டில் இருந்த சின்னத்தம்பி அண்ணன் அதற்கு முந்திய புதன்கிழமை தவறிவிட்டார். மறுநாளே எடுத்தாயிற்று. பெருமாள் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது இந்தச் செவ்வாய் காலையில்தான். பீடோர் பசாரில் மீன் வாங்கும்போது யாரோ போகிற போக்கில் சொன்னார்களாம்.

"அண்ணே, புதன்கிழமை மத்தியானமே எல்லாருக்கும் அனுப்பிட்டோமே!"

"எங்க அனுப்புனீங்க? எனக்கு ஒரு மண்ணும் வரல."

போனை வைத்துவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ரப்பர் தோட்டம் மூடி, ஆட்கள் ஈப்போ, தைப்பிங், பீடோர் என்று சிதறிப் போனோம். முன்னாள் தோட்ட மக்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நான் அதன் செயலாளர். யாராவது தவறிவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். அடுத்த அரை மணி நேரத்தில் அது 'இனிய காலை வணக்கம்' பூங்கொத்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் என் மருமகள் கவிதா — அவளுக்குப் புரோகிராம் எழுதுவதுதான் வேலை — சங்கத்தின் வெப்சைட்டில் ஒரு ஏற்பாடு செய்தாள். ஒருமுறை 'அனுமதி' என்று அழுத்தினால் போதும். உங்கள் கைப்பேசியின் பிரவுசர் ஒரு தனி முகவரியை உண்டாக்கி எங்கள் சர்வரிடம் கொடுத்துவிடும். வெப்சைட்டை நீங்கள் மூடி வைத்திருந்தாலும் சரி, இங்கே நான் செய்தியைத் தட்டினால் அங்கே உங்கள் திரையில் 'டிங்'.

அருமையான ஏற்பாடு. சாவுச் செய்திக்கு மட்டும்தான். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பச் சொல்லிக் கேட்ட பிரமுகர்களையெல்லாம் திருப்பி அனுப்பியவன் நான்.

அப்படியிருக்க பெருமாள் அண்ணனுக்கு ஏன் போகவில்லை?

அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு என்றால் பதிகம் பாடுவது பெருமாள் அண்ணன்தான். "எனக்கும் அவன்தான் பாடணும்" என்று சின்னத்தம்பி அண்ணன் தன் மனைவி மாரியாயி அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். எடுத்த அன்று பெட்டியை மூடாமல் அவருக்காகக் காத்திருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் மாரியாயி அக்கா வாசலைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெருமாள் அண்ணனின் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் அக்கா சொன்னது ஒரே வரி.

"பேத்தியைப் பெரிய இடத்துல கட்டிக் குடுத்துட்டாரு இல்ல... இனிமே நாம எதுக்கு? மூடுங்க."

ஐம்பது வருடப் பழக்கம். ஒரு 'டிங்' வராததால் அறுந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அதற்குள் சரி செய்யாவிட்டால் இரண்டு வீடும் இனிமேல் முகம் பார்க்காது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

கவிதா சர்வரைத் திறந்து பார்த்தாள்.

"மாமா, பெருமாள் தாத்தா பேர் லிஸ்ட்லயே இல்ல. ஆகஸ்ட்லயே போயிருச்சு."

"யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல மாமா. அவர் போன்ல 'தடு'ன்னு அழுத்தியிருக்காரு. அப்படி அழுத்துனா அந்த முகவரி செத்துரும். அடுத்த தடவை நாம அனுப்பறப்ப 'இங்க யாரும் இல்ல'ன்னு பதில் வரும். பதில் வந்ததும் சர்வர் பேரை எடுத்துரும். அப்படித்தான் எழுதியிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"சரி, திரும்ப அனுமதி கேளு."

"கேட்க முடியாது மாமா. ஒரு தடவை தடுத்துட்டா பிரவுசர் நம்மளை மறுபடி கேட்க விடாது. அவரேதான் போன்ல போய்த் திறக்கணும்."

அப்படிக் காணாமல் போனவர்கள் பன்னிரண்டு பேர். பட்டியலின் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து இருநூறாக இறங்கியதை நான் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நமக்குத் தெரியாமலே ஆட்கள் போய்ச் சேருகிறார்களோ என்று தூக்கம் கெட்டிருந்தேன். இப்போது பெயர்களைப் பார்க்கிறேன்... பன்னிரண்டு பேரும் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறார்கள். பன்னிரண்டு வீட்டிலும் ஆவணியில் கல்யாணம்!

புரிந்துவிட்டதா? எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு பீடோருக்குப் போனேன்.

பெருமாள் அண்ணன் முகம் கொடுக்கவில்லை. அண்ணிதான் விஷயத்தை உடைத்தார்.

"பேத்தி கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடுறோம் தம்பி. மஞ்சத் தண்ணி தெளிக்கிற நேரம், இவரு பாக்கெட்டுல டிங்! எடுத்துப் பார்த்தா 'காலமானார்'! சம்பந்தி வேற பக்கத்துல நிக்கிறாங்க. நான்தான் புடுங்கி அழுத்திட்டேன். கல்யாணம் முடியிற வரைக்கும் வேணாம்னுதான் அழுத்துனேன். ஒரேயடியா போயிரும்னு யாரு கண்டா?"

கால் நட்ட வீட்டில் சாவுச் செய்தி காதில் விழக்கூடாது. இது எங்களுக்குத் தெரியும். பிரவுசருக்குத் தெரியுமா? 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்ல அதில் இடமே இல்லை. நம் வாழ்க்கையில் பாதி விஷயம் அந்த மூன்றாவது பதிலில்தானே ஓடுகிறது?

அண்ணனின் போனை வாங்கி, பிரவுசரில் வெப்சைட் முகவரிக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பூட்டைத் தொட்டு, அனுமதியைத் திறந்து, பெயரை மறுபடி சேர்த்தேன். சோதித்துப் பார்க்க வேண்டுமே? சாவுச் செய்தி அனுப்பிச் சோதிக்க முடியுமா? கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் ஈப்போவிலிருந்து தட்டினாள். டிங்.

'சாப்பிட்டீங்களா தாத்தா?'

பெருமாள் அண்ணன் இரண்டு முறை படித்தார். "சாப்பிட்டேன்னு எதுல சொல்றது?"

"இதுல பதில் சொல்ல முடியாது அண்ணே. வர்றது மட்டும்தான்."

"அப்ப உன் போனைக் குடு. லகாட்டுக்குப் போடு."

நான் மாரியாயி அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனை நீட்டினேன். அண்ணன் வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே... அந்த டிங் வந்தப்ப அண்ணிதான் அழுத்துனாங்களாமே? நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஞாயித்துக்கிழமை கருமாதி. வந்து பாடுங்கண்ணே. அவருக்குப் போன வாரம் பாடுனா என்ன, இந்த வாரம் பாடுனா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை பாடினார். மூன்றாவது பதிகத்தில் குரல் உடைந்தது. மாரியாயி அக்கா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது எங்கள் வெப்சைட்டில் 'வீட்டில் விசேஷம்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. தேதியைப் போட்டுவிட்டால் அதுவரை சர்வர் அந்த வீட்டை எழுப்பாது, பெயரையும் எடுக்காது. விசேஷம் முடிந்த பிறகு, இடையில் யார் யார் போனார்கள் என்பதை மெதுவாகச் சொல்லும். மற்ற பதினோரு வீடுகளுக்கும் நானே நேரில் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்தேன்.

பெட்ரோல், டோல், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வாங்கிய பழங்கள் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முந்நூற்றுப் பதினெட்டு ரிங்கிட், நாற்பது சென்.