மூலம் வைக்காத கருவி

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பௌதிக ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவனுக்கு அந்தக் கதைகள் எரிச்சல். நீங்களும் சிரிக்கலாம், சிரியுங்கள். எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

என் தம்பி ரவி யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்தும் கடையில் வேலை செய்தான். ஒரு புகையிலைத் தோட்டத்தில் இயந்திரத்தைப் பூட்டி ஓடவிட்டபோது அதன் இரும்புத் தண்டு முறிந்து, அதில் சுழன்ற சில்லுச் சக்கரம் பறந்துவந்து நெஞ்சில் அடித்தது. செத்தவீட்டிலேயே, அவன் மனைவிக்கு முன்னால், கடை முதலாளி சொன்னார்: "கவனமில்லாத பெடியன். நட்டை ஒழுங்கா இறுக்கியிருந்தா இது நடந்திராது." அங்கேயே அவர் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை, ஊரும் அதையே கதைக்கத் தொடங்கிவிட்டது.

ரவியா கவனமில்லாதவன்? எந்த இரும்பையும் பூட்டமுன் ஸ்பானரால் மூன்று தரம் தட்டி, காதைக் கிட்ட வைத்துச் சத்தம் கேட்பான். நாங்கள் கேலிகூடச் செய்வோம்.

முறிந்த துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பேராசிரியர் சேர் அங்கே ஒரு கருவி செய்திருந்தார். கதிரியக்கச் சோடியம் மூலத்திலிருந்து பொசித்திரன் என்ற நுண்துகள்கள் வரும். எரிந்த மோட்டார்களில் உருவிய கம்பியால் நான் கையாலேயே சுற்றிய காந்தச் சுருள்கள் அவற்றை ஊசிமுனை அளவுக்குக் குவிக்கும். இரும்புக்குள் அணு விடுபட்ட இடம் இருந்தால் பொசித்திரன் அதில் சிக்கி அழியும், அழியும்போது வரும் கதிரில் அது தெரிந்துவிடும். சண்டையால் மின்சாரம் நின்று மாதக்கணக்கு. ஜெனரேட்டரைச் சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். "ஒரு பகலுக்குத்தான் எண்ணெய் இருக்கு, சிவம். இரும்பிலை பிழை எண்டு வந்தா நான் கையெழுத்துப் போட்டுத் தாறன்" என்றார் சேர். அவர் கையெழுத்தென்றால் ஊர் நம்பும்.

நான் தனியாகத்தான் நின்றேன். முதல் இரண்டு புள்ளிகளில் ஒன்றுமில்லை. மூன்றாவது புள்ளியில் கருவி டிக், டிக், டிக் என்று அடித்துவிட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் மூன்று. அதன் பேனா, ஓடும் தாளில் மூன்று மூன்றாகக் கோடு கீறிக்கொண்டே போனது. நம்பினால் நம்புங்கள், எண்ணெய் முடிந்து ஜெனரேட்டர் நின்ற பிறகும் ஒரு தரம் மூன்று அடித்தது.

மூலத்தை எடுத்து ஈயச் சாடிக்குள் வைப்போமென்று கருவியைத் திறந்தால் உள்ளே வெறுமை. மூலம் சாடிக்குள்ளேயே இருந்தது. காலையில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய அவதியில் நான் அதை வைக்கவே மறந்திருக்கிறேன்.

மடையன் நான், அதைச் சேரிடம் சொன்னேன். "மூலம் இல்லாமல் வந்த கணக்குக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். திரும்ப ஓட்டிப் பார்க்க எண்ணெயும் இல்லை. அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் என்னை இன்னும் எரிக்கிறது.

வந்த வெறியோடு இரும்பு அறுக்கும் வாளை எடுத்து அந்த மூன்றாம் புள்ளியில் அறுத்தேன். உள்ளே எள்ளளவு பொள்ளல், முறியமுன்பே இருந்த பழைய கறுப்பு. கொண்டுபோய் முதலாளியின் மேசையில் போட்டேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவன் அண்டைக்கே தட்டிப் பாத்தவன். சத்தம் சரியில்லை, பூட்ட வேண்டாமெண்டு சொன்னவன். நான்தான் பூட்டச் சொன்னனான்."

அதை ரவியின் மனைவிக்கு முன்னால் வந்து சொல்லும்படி கேட்டேன். ஓம் என்றார். அடுத்த கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அறுத்த இரும்பைக் காட்டினாலும், தம்பிக்காகச் சொல்கிறேன் என்று ஊர் இன்னும் நட்டுக் கதையைத்தான் கதைக்கிறது.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஜெனரேட்டர் நின்றால் தாள் நகராது. அப்படியானால் கடைசி மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. மற்றவற்றைப் போலவே சரியான இடைவெளி விட்டு நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, சேர் கையெழுத்து வைக்காத இடம் வெறுமையாக இருக்கிறது.